சத்தத்துக்கு ஓடாத குட்டி

என் மகள் போனில் பூனைப் படங்களைக் காட்டுகிறாள். மதுரையில் கடை இருக்கிறதாம். எல்லாம் சப்பை மூக்கு, பஞ்சு மாதிரி முடி. எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்கிறாள். படத்தைப் பார்த்து எடுக்க எனக்குத் தெரியாது. நேரில் பார்த்து எடுத்ததிலேயே நாங்கள் ஒரு முறை ஏமாந்திருக்கிறோம்.

சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற பக்கம் எங்கள் ஊர். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். அப்பாவும் அம்மாவும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, அங்கே போர்மேன்.

கம்பெனி விட்டு வந்தால் வீட்டிலும் வேலை உண்டு. காகிதக் குழாய் உருட்டுவோம். வெறும் குழாய்தான், வெடிமருந்தெல்லாம் கம்பெனியில் போய்த்தான் போடுவார்கள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, மைதாப் பசை தடவி உருட்டி, காயவைத்துக் கட்டிவைக்க வேண்டும். அந்தப் பசை வாசத்துக்கு எலி வரும். நாங்கள் பகலில் உருட்டியதை அது ராத்திரியில் தின்னும். எலி கடித்த குழாயைக் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். ஒரு முறை வாரம் முழுக்க உருட்டி வைத்தது அப்படியே போயிற்று. அம்மா அந்தக் கட்டைத் தூக்கி விறகோடு போட்டாள். பிறகு, "இந்த வீட்டுக்கு ஒரு பூன வந்தாகணும்" என்றாள்.

எங்கள் ஊரில் பூனை தங்காது. சாயங்காலமானால் ஏதாவது ஒரு கம்பெனியில் சாம்பிள் போடுவார்கள். ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரிக்கு வெடித்துக் காட்டுவது. பொட்டலில் அந்தச் சத்தம் உருண்டுகொண்டு வரும். எங்களுக்குப் பழக்கம். பூனைக்குப் பழக்கமில்லை. ஏற்கெனவே ஒன்று அப்படித்தான் ஓடியது, திரும்பி வரவில்லை.

நல்ல குட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தை, பிடரியைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். பின்னங்காலை மேலே மடக்கிக்கொண்டால் எலி பிடிக்குமாம், தொங்கவிட்டால் அடுப்பங்கரையில் பால் திருடுமாம். வால் நீளமாக இருக்க வேண்டும் என்றாள் அம்மா. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. அப்பாவிடமும் கேட்டேன். அவர் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று இரண்டு தடவை கேட்டேன், பதில் இல்லை. அவர் பேசாத மனிதர் என்பது ஊருக்கே தெரியும். நான் விட்டுவிட்டேன்.

மாமாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "வாலாவது காலாவது. சத்தத்துக்கு ஓடாத குட்டியா எடுக்கணும். அத நான் பாத்துத் தாரேன்" என்றார்.

பூனைக்குட்டி கிடைக்கிற இடமும் அவருக்குத் தெரிந்திருந்தது. மீன் கடைப் பக்கம் எல்லாரும் தேடுவார்கள். அங்கே கிடைக்கிற குட்டி மீன் தின்று வளர்ந்தது, எலியை மதிக்காது என்றார். சிவகாசியில் அச்சாபீஸ் குடோனுக்குத்தான் போக வேண்டும். காலண்டர் சீசன் முடிந்ததும் ஓரம் வெட்டிய காகிதத் துண்டுகள் அங்கே மலை மாதிரி கிடக்கும். அதைவிட மெத்தை ஒரு தாய்ப்பூனைக்குக் கிடைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வண்டியில் போனோம். என் மடியில் வயர் கூடை. குடோனில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். குட்டிகள் காகிதத்துக்குள் கிடந்தன. ஒன்று பாதி முருகன் மேல், ஒன்று லட்சுமியின் கைமேல். இரண்டு சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று சுத்த வெள்ளை. வெள்ளைக்குக் கண் நீலமாக இருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.

மாமா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வாலைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க பூன பாக்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?" என்றார் வாட்ச்மேன்.

"பொண்ணு பாக்கத்தான் இம்புட்டுப் பாக்க விடல. பூனயாவது பாத்துக்கிடுதேன்" என்றார் மாமா.

பிறகு வெளியே கிடந்த காலி இங்க் டப்பாவை எடுத்துவந்தார். ஓர் இரும்புக் கம்பியால் அதன்மேல் ஓங்கி அடித்தார். எனக்கே தூக்கிப்போட்டது. சாம்பல் இரண்டும் காகிதத்துக்குள் புகுந்தன. கறுப்பு சுவரேறப் பார்த்தது. வெள்ளை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமா மறுபடி அடித்தார். அது அடுத்த காலை நக்கியது.

"பாத்தியா புள்ள? வெடிக் கம்பெனி ஊருக்குன்னே பொறந்த பூன" என்றார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வாட்ச்மேன்கூட அசந்துபோனார். இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தும் இது தனக்குத் தெரியவில்லையே என்றார்.

பூனைக்கு வழி தெரிந்தால் திரும்பிப் போய்விடும் என்பார்கள். அதனால் கூடைமேல் துண்டைப் போட்டு மூடினோம். மாமா பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, தெரியாத தெருவெல்லாம் புகுந்து வண்டியை ஓட்டினார். கடைசியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி அவரே வழி கேட்க வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் சாம்பிள் போட்டார்கள். கோழியெல்லாம் பறந்தது. வெள்ளை என் மடியில் தூங்கியது. ஊரே வந்து பார்த்தது. நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஒன்றுதான் குறை. கூப்பிட்டால் வராது. எத்தனை பேர் வைத்தும் வரவில்லை. பால் சட்டியை உருட்டினாலும் வரவில்லை. என்னைக் கண்ணால் பார்த்தால் மட்டும் ஓடி வரும். கம்பெனி லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பூனை வாசற்படியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அதற்குப் பின்னால் போனேன். தட்டில் ஓங்கி அடித்தேன். அதன் காதுகூட அசையவில்லை. கை வலிக்க அடித்தேன். அது ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குடத்தோடு வந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை. "காது கேக்காதா? அப்ப எலி நடமாட்டம் எப்படித் தெரியும்? மாமா வரட்டும், குடுத்து மாத்திக்கிடலாம்" என்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது. மாமா வருகிற வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கூடையை எடுத்து விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கூடை இல்லாவிட்டால் கொண்டுபோக முடியாதல்லவா.

மாமா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னாள். மாமா முதலில் நம்பவில்லை. பூனைக்குப் பின்னால் போய்க் கைதட்டினார், விசில் அடித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் இதத் தைரியம்னுல்ல நெனச்சேன். செவிட்டுப் பூனையவா தூக்கிட்டு ஊர்கோலம் வந்தேன்?"

நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த நினைத்துத்தான் மேலே பேசினார்.

"அழாத புள்ள, கறுப்புக் குட்டிய வாங்கித் தாரேன். காது கேக்காதத வச்சு என்ன பண்ண? எங்க கம்பெனியிலயே காது மந்தம்னு தெரிஞ்சா ஒரு ஆள உள்ள விட மாட்டோம். விசில் கொடுத்தா ஓடி வெளிய வரணும்லா? அது கேக்காதவன் எதுக்கு ஆவான்?"

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அப்பா தட்டுக்கு மேலேயே நின்றது.

"பூன இருக்கட்டும்ணே" என்றாள்.

"நீதானம்மா இப்ப மாத்தணும்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப இருக்கட்டும்கேன். அது எலி பிடிக்காட்டி நான் முழிச்சிருந்து வெரட்டிக்கிடுதேன். அதுக்கு ஒரு வாய்ச் சோறு போட எங்களால முடியும்."

அம்மா மாமாவிடம் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மாமா அப்பாவைப் பார்த்தார். "என்ன மாப்ள, ஒம்ம வீட்டுல சண்டைக்கு வராக. நீரு என்ன சொல்லுதீரு?"

அப்பா தலை குனிந்து பிசைந்துகொண்டிருந்தார். அம்மா கரண்டியால் அவர் தட்டின் விளிம்பில் லேசாகத் தட்டினாள். அவர் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா, "பூன இருக்கட்டும்தானே?" என்று வாயைத் திறந்து நிதானமாகக் கேட்டாள்.

"இருக்கட்டும் மச்சான்" என்றார் அப்பா.

"புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டு எதுக்குய்யா என்ன வரச்சொன்னீக?" என்று சொல்லிவிட்டு மாமா ரசம் கேட்டார். பேச்சு மாறிவிட்டது. என் அழுகைதான் ஜெயித்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். கூடையை விறகுக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தேன்.

மறுநாள் அம்மா எனக்கு அதைக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தாள். "கத்தாத. குதிகாலால தரையில தட்டு. அதுக்குத் தெரியும்" என்றாள். தட்டினேன். மூலையில் கிடந்த பூனை தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது, வந்தது. அம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

எலியும் பிடித்தது. குழாய்க் கட்டுக்குப் பக்கத்தில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கிடக்கும். எலி ஓடினால் தரையில் தெரியும் போலிருக்கிறது. எங்கள் குழாய் தப்பியது. மாமா அதன் பிறகு, செவிட்டுப் பூனையாகப் பார்த்து எடுத்ததே தான்தான் என்று ஊரில் சொல்லித் திரிந்தார். தீபாவளிக்கு ஊரே அதிரும்போது அது உறியின் கீழே மல்லாந்து தூங்கும். ரொம்ப வருஷம் இருந்துவிட்டுத்தான் செத்தது.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'ஏங்க' என்பார்கள், 'இங்க பாருங்க' என்பார்கள். அம்மா அதுகூடச் சொல்ல மாட்டாள். அப்பா உட்கார்ந்திருக்கும் பலகையில் கையால் தட்டுவாள், அவர் திரும்புவார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா என்று பக்கத்து வீட்டு அத்தை தன் மருமகளிடம் எடுத்துச் சொல்வார்.

கம்பெனியிலும் அம்மா பெட்டி ஒட்டுகிற கொட்டகையில் இருந்தவள். நிழல், சுகமான வேலை. அதை விட்டுவிட்டு மாமாவிடம் கேட்டு அப்பா வேலை பார்க்கும் மருந்து அறைக்கு மாற்றிக்கொண்டாள். "கம்பெனியிலயும் புருசன ஒட்டிக்கிட்டே இருக்கணுமாக்கும்" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அம்மா சிரித்துக்கொள்வாள். விசில் கொடுத்தால் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கத்தான் அங்கே போய் உட்கார்ந்தாள் என்பதை, அப்பா வேலையை விட்டு நின்ற பிறகுதான் என்னிடம் சொன்னாள். வெடிச் சத்தத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது அது. மாமா சாகிறவரை அவருக்குத் தெரியாது.

நான் தட்டில் அடித்த அந்த மத்தியானம் அப்பா வீட்டில்தான் இருந்தார். பூனைக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். நான் கை வலிக்க அடித்தேன். பூனை திரும்பவில்லை. அப்பாவும் திரும்பவில்லை.

நான் பூனையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.