புதுநன்மைக்கு ரோசியோடு புதுச்சேரி

1960-இல் என் மகள் ரோசிக்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. இன்று அதை ஆட்டிசம் என்கிறார்கள். அன்று கடலூரில் எங்கள் தெருவே பேய் என்றது. ஞானோபதேசப் பாடம் ஒப்பிக்காத பிள்ளைக்கு, பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை கிடையாது என்று எங்கள் ஊர் மாதாகோயில் சாமியார் கைவிரித்துவிட்டார். புதுச்சேரியில் வயதான சாமியார் ஒருவர்தான், "இது சாதாரண சாப்பாடு இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்மா, கூட்டியா" என்றார்.

அவளுக்குத் தெரியுமா? அதுதான் என் பயம். பிடிக்காத எதையும் ரோசி தரையில் துப்பிவிடுவாள். பிடித்ததில் மட்டும் பாதியை வாயிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். நான் தின்றால்தான் அவளுக்கு நிம்மதி. அந்த அப்பத்தை, நற்கருணையை, தரையில் துப்பினால்? அது ஆண்டவருடைய உடல் அல்லவா!

கடலூரிலிருந்து பதினான்கு மைல். விடிகாலை பஸ். தவளக்குப்பத்தில் சந்தைக் கூட்டம் ஏற, ஹாரன் அலற, ரோசி காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையை மோதினாள்.

"இன்னாம்மா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணுமில்லண்ணே, சத்தம் ஆவாது."

அதன்பிறகு டிரைவரை அவர் ஹாரன் அடிக்கவே விடவில்லை, புண்ணியவான்.

கோயிலில் பீடத்துக்கு முன்னாலிருக்கும் தடுப்புக் கிராதியருகே மண்டியிட்டோம். வெள்ளைத் துணியைத் தாடைக்கடியில் பிடிக்க வேண்டும், பிடித்தாள். சாமியார் தந்த அப்பத்தை நாக்கை நீட்டி வாங்கினாள். பெஞ்சுக்குத் திரும்பியதும் வாயைத் திறந்தாள். சாமியாரைத் தவிர யாரும் அதைக் கையால் தொடக்கூடாது, தொட்டால் பாவம் என்று தெரிந்தும் கையை ஏந்தினேன். பாதி கரைந்த அப்பத்தை அதில் வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள். விழுங்கிவிட்டேன்.

பூசை முடிந்ததும் நடந்ததைச் சாமியாரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"தரையில வுழுந்துச்சா?"

"இல்ல சாமி. புடிக்காததத்தான் தரையில துப்புவா. புடிச்சத எனக்குத் தருவா."

அவர் கிண்ணம் கொண்டுவரச் சொல்லி, அப்பத் துகள் ஒட்டியிருக்குமென்று என் கைமேல் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகுதான், "அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூட்டியா" என்றார்.

இப்படிப்பட்ட பிள்ளையோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கூட்டமில்லாத முதல் பஸ்ஸில் போங்கள். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். பூசை மணிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். பயம் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டேதான் போனேன். பயந்தாலும் கையை ஏந்தியே வைத்திருங்கள்.