விஜயதசமிக்கு வந்த செம்புக் கம்பி

மாவுக்கு வரி உண்டு, இட்லிக்கு வரி கிடையாது என்று ஓர் அரசாங்கம் சட்டம் போட்டால் உள்ளூரில் எவன் இட்லிக்கடை வைப்பான்? இந்தக் கணக்கைக் காட்டித்தான் எங்கள் பிரிவை மூடினார்கள். நாங்கள் வாங்கும் செம்புக் கம்பிக்கு வரி. அதே கம்பியை வெளிநாட்டில் சுற்றி, காயிலாக்கி, அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பினால் வரி இல்லை. கணினி, தொலைபேசி சம்பந்தப்பட்ட சாமான்களுக்கு இனிமேல் சுங்கம் வாங்குவதில்லை என்று தில்லியில் இருந்தவர்கள் உலக நாடுகளோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது தன் வாழ்நாளில் ஒரு காயில் சுற்றியிருப்பாரா என்று அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குள் போகும் சின்னச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களுக்குக் கம்பி சுற்றும் பிரிவு. பிரிவு முழுக்கப் பெண்கள்தான். தெலுங்குக்காரிகள் அதிகம், எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம். கல்யாணமாகி லோத்குண்டாவுக்கு வந்த புதிதில் சேர்ந்தேன். என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்புவார், நான் பஸ் பிடித்து இந்தப் பக்கம் போவேன். ஆளுக்கு ஒரு மிஷின். என் மிஷினை வேறு யாராவது தொட்டால் எனக்குப் பிடிக்காது. அதன் சத்தம் மாறினால் எண்ணெய் கேட்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

முதலில் கம்பி வருவது குறைந்தது. அப்புறம் நின்றே போனது. கேட்டால், "ஸ்டோர்ல கம்பி இல்லம்மா, வாங்கிக் கட்டுப்படியாகல" என்றார் மேனேஜர். அவர் கும்பகோணத்துக்காரர். கான்டீனில் ரசம் சரியில்லை என்றால் எங்களோடு உட்கார்ந்து திட்டுகிற மனிதர். நம்ம ஊர்க்காரர் பொய் சொல்வாரா என்று நம்பினோம். கம்பிக்குப் பதிலாக வந்து இறங்கியவை அட்டைப்பெட்டிகள். எவளோ ஒருத்தி ஏதோ ஒரு தேசத்தில் சுற்றிய காயில்கள். அவற்றின் மேல் எங்கள் தொழிற்சாலை லேபிளை ஒட்டிப் பொட்டலம் கட்டச் சொன்னார்கள். எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. லேபிள் ஒட்ட மாட்டோம், காயில் பிரிவு தொடர்ந்து நடக்கும் என்று எழுத்தில் கொடுக்கும்வரை எந்த வேலையும் செய்ய மாட்டோம் என்று மிஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

யூனியன் செயலாளர் தெலுங்குக்காரர். எங்களிடம் பேசும்போது எல்லா பாஷையும் கலந்து வரும். "அக்கா, பேப்பர் இச்சேதாக்கா, குடுக்கிற வரைக்கும், மிஷின் மேல கை வெக்காதீங்க. ஒக்க காயில்கூட நக்கோ, வேண்டாம்" என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு காயில் சுற்றினாலும் போராட்டம் முடிந்ததாக எழுதிவிடுவார்கள் என்பது அவர் பயம். தொழிலாளர் துறை அதிகாரி இரண்டு தரப்பையும் தசரா கழித்துப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருந்தார். அதுவரை உறுதியாக இருந்தால் பிரிவு பிழைக்கும்.

வீட்டில் மகளுக்கு இது புரியவில்லை. அப்போதுதான் கொண்டாப்பூர்ப் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். "கைக்கும்மா, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? வி.ஆர்.எஸ். வாங்கிட்டு ரெஸ்ட் எடு. குளோபல் மார்க்கெட்னா இப்படித்தான்" என்றாள்.

"உன் ஆபீசையும் ஒருநாள் பெட்டியில போட்டு வேற தேசத்துக்கு அனுப்புவாங்கடீ. அன்னிக்கும் இதே வசனத்தைப் பேசு" என்றேன். அவள் அப்பா, குழந்தையை ஏன் திட்டுகிறாய் என்றார். திட்டாமல் என்ன செய்வது? கண்ணாடிக் கட்டடம் கட்டுகிறவனுக்கு நிலம், சாலை, மேம்பாலம் எல்லாம் உண்டு. வருகிற வெள்ளைக்காரனுக்குச் சால்வை உண்டு. சாமான் செய்கிறவளுக்கு ஒரு சுருள் கம்பி கிடையாது. இதற்குப் பெயர் வளர்ச்சி.

தசரா வந்தது. எங்கள் பிரிவில் தொழிற்சாலை தொடங்கிய நாள்முதல் ஒரு வழக்கம். முதல்நாள் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போடுவோம். மறுநாள் விஜயதசமி, தொழிற்சாலைக்கு விடுமுறை. ஆனாலும் காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு காயில் சுற்றிவிட்டுத்தான் போவோம். பூஜை போட்ட மிஷினை விஜயதசமியன்று ஓட்டாமல் விட்டால் அந்த வருஷம் முழுக்கத் தொழில் படுத்துவிடும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும். கேட்டில் எங்களை யாரும் தடுத்ததில்லை.

அந்த வருஷமும் போனோம். கம்பி இல்லை, சும்மா சுவிட்சைப் போட்டு மிஷினைச் சுழலவிட்டு வரலாம் என்றுதான் போனோம். உள்ளே நுழைந்தால், ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்திலும் புதுச் செம்புக் கம்பிச் சுருள். மேனேஜர் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். "நல்ல நாள் அதுவுமா மிஷின் வெறுமனே ஓடக் கூடாதும்மா. எங்கேயோ தேடிப் பிடிச்சுக் கொண்டுவரச் சொன்னேன்" என்றார்.

யூனியன்காரர் சொன்னது எங்களுக்கு நினைவில்லாமல் இல்லை. எனக்குப் பக்கத்து மிஷின்காரி மட்டும், "ஒத்து அக்கா, வேண்டாம்" என்றாள். ஆனால் இது வேலையா? இது சாமி காரியம். கம்பியைக் கையில் எடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாதம் கழித்துப் பிரிவு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. கடைசியில் அவளும் சுற்றினாள். ஜம்மி இலையை, அதாவது நம்ம வன்னி இலையை, பொன்னாக நினைத்துப் பெரியவர்கள் கையில் கொடுத்து ஆசி வாங்குவது இந்த ஊர் தசரா வழக்கம். சாயங்காலம் கொடுக்க வேண்டியதை எங்கள் பிரிவில் காலையிலேயே கொடுத்துவிடுவோம். மேனேஜர் கையிலும் கொடுத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டோம்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் தாள் தொங்கியது. "காயில் பிரிவு ஊழியர்கள் போராட்டத்தைக் கைவிட்டு, விடுமுறை தினத்தன்றும் மனமுவந்து பணிக்குத் திரும்பி உற்பத்தியில் ஈடுபட்டனர்." மனமுவந்து! பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாங்கள் சுற்றிய காயில்களைத் தட்டில் வைத்துத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் காட்டினார்கள். அவர் பேச்சுவார்த்தையை முடித்துக் கோப்பைக் கட்டிவிட்டார். யூனியன் செயலாளர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி மனசு ஆறியிருக்கும். பொங்கலுக்குள் பிரிவை மூடி, எங்களை வி.ஆர்.எஸ். என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் 'வி' என்றால் விருப்பமாம். மிஷின்கள் பழைய இரும்புக்குப் போயின.

சில வருஷம் கழித்து ஒரு தசரா. மகள் கொண்டாப்பூரில் வாங்கிய ஃபிளாட்டில் இருந்தோம். சாயங்காலம் கீழே கொலு, பாட்டு, சுண்டல். அங்கே மேனேஜரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று அதே குடியிருப்பில் மகனோடு இருக்கிறாராம். முகம் மாறாமல் சிரித்தார்.

"சௌக்கியமாம்மா? என்மேல கோபமா இருப்பீங்க. என் கையில என்ன இருந்தது சொல்லுங்கோ. தில்லி பாலிசி, மேலிடத்து உத்தரவு."

"அது போகட்டும் சார். அத்தனை மாசமா இல்லாத கம்பி அன்னிக்கு மட்டும் எங்கேர்ந்து வந்தது?"

அவர் என்னை ஏதோ விவரம் தெரியாத பெண் என்பதுபோலப் பார்த்தார். "எங்கேர்ந்தும் வரலைம்மா. ஸ்டோர்லயே இருந்தது."

"எவ்ளோ?"

"நீங்கள்ளாம் ஓட்டியிருந்தா ரெண்டு வருஷத்துக்கு வந்திருக்கும். பிரிவை மூடணும்னு முடிவான அப்புறம் கம்பியை எதுக்கு வெளியில எடுக்கணும்?"

வரி கட்டி வாங்கிய கம்பி. பூட்டின கதவுக்குப் பின்னால் அது இருக்க, வெளியே நாங்கள் கம்பி கம்பி என்று கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தில்லிக்காரன் போட்ட சட்டத்தின்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவனுக்கு என்னைத் தெரியாது. இந்த மனிதருக்கு என் விஜயதசமி தெரியும்.

பிள்ளைகள் அவர் கையில் திணித்துவிட்டுப் போன ஜம்மி இலைகளில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"அன்னிக்கு நாங்க குடுத்த பொன்னையும் நீங்களே வெச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தேன்.