ஏசி போட்டுக்கொண்டு காரமடைக்கு

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை உதிக்கும். விலை ஏறுவது நின்றபாடில்லை, அதனால் யோசனைகளும் நின்றபாடில்லை. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மனிதர். இரும்பைக் கடைந்து கடைந்து, உலகத்தில் எதையும் இன்னும் கொஞ்சம் கடைந்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். எங்கள் காரும் அந்த நம்பிக்கையில் மாட்டிக்கொண்டது.

முதலில் ஸ்டெப்னியை இறக்கிப் பட்டறை மூலையில் வைத்தார். அது கனமாம், சும்மா ஏற்றிக்கொண்டு சுற்றினால் மைலேஜ் அடிபடுமாம். பஞ்சரானால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஆகறப்ப பாத்துக்கலாம்" என்றார். அடுத்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, பெட்ரோல் போகிற குழாயின்மேல் வைத்துக் கட்டினார். காந்தம் இருந்தால் பெட்ரோல் நன்றாக எரியும் என்று பட்டறைக்கு வருகிற யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோல் எப்படி எரிந்ததோ எனக்குத் தெரியாது. அவர் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஸ்பேனர் அதில் ஒட்டிக்கொண்டு கிடைத்தது மட்டும் நிஜம்.

பங்க்கில் அவர் நடத்துகிற கூத்து தனி. விடிந்தும் விடியாமல்தான் பெட்ரோல் போடுவார், குளிருக்கு அது கெட்டியாக இருக்குமாம். போட்டு முடித்ததும் இறங்கி, வண்டியைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டுவார். பைக்கை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், காரை ஆட்டுகிறவர் இவர் ஒருவர்தான். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு, இந்த ஆளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். சம்பந்தமில்லாதவர் ஆட்டுகிற காருக்குள் ஒரு பெண் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று பங்க்காரர்கள் யோசித்திருப்பார்கள்.

சிக்னல் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவார். பாலத்தில் ஏறி இறங்கும்போது நியூட்ரலில் தள்ளிவிட்டு, வண்டி எவ்வளவு தூரம் சும்மா உருளுகிறது என்று பார்த்துச் சந்தோஷப்படுவார். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடித்தே எங்களைச் சபிப்பார். ஏசி பொத்தான் எங்கள் வண்டியில் வெறும் அலங்காரம். சித்திரை வெயிலிலும் "கண்ணாடிய எறக்கிப் போடு, காத்து வரும்" என்பார். வரும். கூடவே லாரிப் புகையும் வரும். கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவையோடு கிளம்பி, நெல்லு மிஷினிலிருந்து வந்தவள் மாதிரி போய் இறங்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சகித்தேன். மகளின் கல்யாணம் நிச்சயமாகும்வரை.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குலதெய்வம், அடுத்தது தாய்மாமன். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு தட்டை நீட்டி, அவர் இரண்டு கையாலும் வாங்கின பிறகுதான் மற்றவர்கள். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் சாமிகூடப் பொறுத்துக்கொள்ளும், தாய்மாமன் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இந்தத் தாய்மாமன் என் ஒரே அண்ணன். காரமடைக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறார். அப்பா போன பிறகு என் கல்யாணத்தை நின்று நடத்தியவர். என் மகளை மடியில் உட்காரவைத்துக் காது குத்தியதும் அவர்தான். கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியதும் அவர்தான். "மாமன் வந்து பட்டம் கட்டாம நான் மணவறைல உக்கார மாட்டேன்" என்று மகள் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல். அண்ணன் புது வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தபோது, இவர் பெட்ரோல் செலவைப் பங்குபோட்டுக்கொள்ள, காரமடையில் வேலை இருந்த தெருக்காரர்களை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவர்கள் வேலை முடிந்து அவசரப்படுத்தினார்கள். பந்தியில் இலை போடுவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். அன்றிலிருந்து அண்ணன் இவரிடம் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். எங்கள் ஊர்க்காரர்களோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். எங்களுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஒருவர் உங்களை உட்காரவைத்து, ஃபேனைத் திருப்பிவிட்டு, காப்பி கொடுத்து, சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டால், உங்கள் கதை முடிந்தது என்று அர்த்தம்.

பத்திரிகை வைக்கக் கிளம்புகிற அன்று காலையில் வாசலிலேயே ரூட்டு விவாதம். மேட்டுப்பாளையம் ரோட்டில் நேராகக் காரமடை போய் அண்ணனுக்கு வைத்துவிட்டு, அன்னூர் வழியாகச் சுற்றி வரலாம் என்றேன் நான். அன்னூரில் இவருடைய பெரியப்பா வீடு இருக்கிறது.

"காத்தால மேட்டுப்பாளையம் ரோடு எப்படி இருக்கும்னு தெரியுமா? கவுண்டம்பாளையம் தாண்டறதுக்குள்ள பாதி பெட்ரோல் போயிரும்" என்றார். "காளப்பட்டி வழியா அன்னூர் போனா ரோடு காலி. அப்படியே காரமடை. மத்தியானம் மேட்டுப்பாளையம் ரோட்டுல கூட்டம் கொறஞ்சிருக்கும், அதுல திரும்பிக்கலாம்."

"அப்ப அன்னூர்ல நிக்காம போங்க."

"பெரியப்பா ஊட்டு வாசல்லயே போயி, பத்திரிகை வெக்காம வாரதா? அதுக்குன்னு தனியா இன்னொருக்கா யாரு வண்டி எடுக்கறது? உங்கண்ணனுக்கு இது எப்புடித் தெரியும்?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். அன்னூரில் பெரியப்பா வாயெல்லாம் பல்லாகத் தட்டை வாங்கினார். காரமடை ரோட்டில் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. இவர் பாட்டு வேறு முணுமுணுத்தார்.

அண்ணன் வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்தால் எப்போதும் "வா கண்ணு" என்பவர், "வாங்க, வாங்க" என்றார். உட்காரவைத்தார். ஃபேனைத் திருப்பிவிட்டார். அண்ணன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

இவர் தட்டை எடுத்து நீட்டினார். அண்ணன் கையை நீட்டவில்லை.

"அன்னூர்ல எல்லாரும் சௌக்கியங்களா மாப்ள?" என்று கேட்டார்.

பெரியப்பாவின் மருமகள், நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் பத்திரிகையைப் படமெடுத்து, 'எங்களுக்கு முதல் பத்திரிகை' என்று போனில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள். பாவம், பெருமைக்குப் போட்டாள். நாங்கள் பெட்ரோலை மிச்சம் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்துசேர்வதற்குள் அது காரமடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"அது வந்துங்க மச்சான், வழியில இருந்ததால..." என்று இவர் இழுத்தார்.

"அது செரிங்க. வழியில இருக்கறவங்களுக்கு வெச்சுத்தானுங்க ஆகோணும்" என்றார் அண்ணன். குரல் ஏறவே இல்லை. "நாமதான் வழியில இல்லாமப் போயிட்டோம். இன்னிக்கு நாள் செரியில்லையாட்ட இருக்குதுங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாங்க."

அன்று நல்ல முகூர்த்த நாள். தெருவெல்லாம் பந்தல். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்று கும்பிட்டார். கூடப் பிறந்த அண்ணன் என்னைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வண்டியில் ஏறினதும் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். ஸ்டெப்னியில் ஆரம்பித்து, காந்தம், நியூட்ரல், பங்க்கில் ஆட்டுவது என்று ஒன்றையும் விடவில்லை. "மிச்சம் பிடிச்ச பெட்ரோல வெச்சு எம்பொண்ணு நெத்தியில பட்டம் கட்டுங்க" என்றேன். வழக்கமாக இப்படிப் பேசினால் மைலேஜ் பற்றி ஒரு வகுப்பு எடுப்பார். அன்று துடியலூர் சிக்னலில் எஞ்சினை அணைக்கக்கூட மறந்துபோனார். அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்கிறது என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய் லேத்தை ஓட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார். டிக்கியைத் திறந்து உள்ளே தூக்கி வைத்தார். பானெட்டைத் திறந்து காந்தத்தைப் பிடுங்கி எறிந்தார். கையைக் கழுவிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு, "புதுசா தேங்கா, வெத்தல எடுத்துட்டு வா. ஏறு" என்றார்.

"எங்கீங்க?"

"மச்சானுக்குப் பத்திரிகை வெக்க வேண்டாமா? சாமிக்கு வெச்சாச்சு. அடுத்தது மாமன் ஊடுதானே?"

முதலில் பங்க்குக்குத்தான் விட்டார். கொளுத்துகிற வெயிலில். எப்போதும் இவ்வளவு ரூபாய்க்கு என்று எண்ணிச் சொல்கிறவர், "ஃபுல் பண்ணுங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. இறங்கவும் இல்லை, ஆட்டவும் இல்லை. பங்க்காரர் குழாயைக் கையில் பிடித்தபடி, இன்னும் ஆட்டவில்லையே என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

பிறகு கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். அந்த அலங்காரப் பொத்தானை அமுக்கினார். முதலில் தூசி வந்தது, ஒரு காய்ந்த இலை வந்தது, பிறகு நிஜமாகவே குளிர்ந்த காற்று வந்தது. அது வேலை செய்யும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காந்திபுரம், கவுண்டம்பாளையம், துடியலூர் என்று எல்லாச் சிக்னலிலும் நின்றோம். ஒன்றிலும் எஞ்சினை அணைக்கவில்லை. பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்க்காமல் இருக்க அவர் படுகிற பாட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். வேர்வை நின்றும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இந்த மனுஷன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணன் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"காத்தாலதானுங்களே வந்துட்டுப் போனீங்க?"

"அது யாரோ வந்துட்டுப் போயிருப்பாங்க மச்சான்" என்றார் இவர், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல். "நாங்க இப்பத்தான் ஊட்ல இருந்து நேரா வாரோம். மொதப் பத்திரிகை உங்களுக்குத்தானுங்க."

இவ்வளவு பச்சைப் பொய்யை நான் கேட்டதில்லை. அண்ணன் வண்டிப் பக்கம் வந்தார். நான் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து குளிர்காற்று அவர் முழங்காலில் பட்டது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினையும் இவர் இன்னும் அணைக்கவில்லை.

"ஏசி போட்டுட்டா வந்தீங்க மாப்ள?"

"ஆமாங்க மச்சான்."

"சிங்காநல்லூர்ல இருந்தேவா?"

"ஊட்டு வாசல்ல இருந்தேங்க."

அண்ணன் இவரை ஏற இறங்கப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் குணம் அவருக்கு நன்றாகத் தெரியும். கடைவாய் துடித்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தொட்டியில் கை கால் கழுவி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல வண்டிய அணைங்க மாப்ள. பெட்ரோல் விக்கற வெலையில" என்றார். என் பக்கம் திரும்பி, "வா கண்ணு. உள்ள வந்து தட்டக் குடு" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அழுதேன். அண்ணன் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இலை போட்டார்கள். இந்தமுறை மோர்ச்சோறுவரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தோம்.

கிளம்பும்போது அண்ணன் தோட்டத்துக் கேட்டுவரை வந்து நின்றார். இவர் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, விறைப்பாக உட்கார்ந்து வண்டியை எடுத்தார். நான் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். தென்னைகள் மறைத்து அண்ணன் கண்ணுக்குத் தெரியாமல் போனதும், இவர் கை பொத்தான் பக்கம் மெதுவாக நகர்ந்தது. பாதியில் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

நானே அதை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கினேன்.