மெதுவாக்காவின் காலி அறை

மெதுவாக்கா கதவுக் கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்து மூடிப் பார்க்கிறார். லேசாக முனகுகிறது. இன்னொரு சொட்டு விடுகிறார். இப்போது முனகல் இல்லை. அடுத்து நாற்காலிகளுக்குக் குனிகிறார். ஒவ்வொரு காலுக்கும் பழைய காலுறை ஒன்றை மாட்டி நூலால் கட்டியிருக்கிறார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்றில் முயல் படம். "சோடி சேரலைன்னு நாற்காலி கோவிச்சுக்குமா என்ன?" என்பார். இழுத்தால் தரை கிறீச்சிடக் கூடாது, அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனையின் மாடியில், குழந்தைகள் மனநலப் பிரிவின் வரவேற்பு மேசை இவருடையது. மெதுவா பேசுங்க, மெதுவா வாங்க, மெதுவா சொல்லட்டும், என்ன அவசரம் என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. ஏதோ ஒரு குழந்தை 'மெதுவாக்கா' என்று பெயர் வைத்துவிட்டுப் போனது. இப்போது டாக்டரம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், இவருக்குப் பிறவியிலேயே வெண்கலக் குரல். வீட்டில் கணவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "பகலெல்லாம் அடக்கி வெச்சத வேற எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" என்று நியாயம் வேறு பேசுவார். கணவர் தையல்காரர். கீலுக்கு விடும் எண்ணெய் அவருடைய மெஷினுக்கு வாங்கியது. "என் மெஷின் இருமிக்கிட்டு கெடக்கு, ஒனக்கு ஆஸ்பத்திரிக் கதவு கேக்குதா?" என்று அவர் புலம்புவார். புலம்பிவிட்டு, குப்பி தீர்ந்ததும் அவரே நிரப்பியும் வைப்பார்.

இங்கே வரும் பிள்ளைகளில் சிலர் சத்தம் கேட்டால் நடுங்குவார்கள். சிலர் கூட்டத்தைக் கண்டால் வாசலிலேயே ஒட்டிக்கொள்வார்கள். அதனால் இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் வராதபடி இவர் நேரம் பிரித்துக் கொடுப்பார். யாராவது முன்னாலேயே வந்துவிட்டால் போனில் பிடித்துவிடுவார்: "கீழயே நில்லுங்கம்மா. மேல ஒரு தங்கம் பேச ஆரம்பிச்சிருக்கு." பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. புதுப் பிள்ளையை நேராகப் பார்ப்பதும் கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு எதையாவது துடைப்பார். பார்க்கப்படாத பிள்ளை தானாக உள்ளே வரும் என்பது அவர் கண்ட வழி. இப்படியாக, எந்தப் பிள்ளை எப்போது வந்தாலும் அறை காலியாகவே இருக்கும்.

அந்தக் காலி அறைதான் வினையாகிவிட்டது.

எந்தப் பிரிவுக்கு நிதியைக் குறைக்கலாம் என்று பார்க்க ஓர் அதிகாரி வந்திருந்தார். வெறும் நாற்காலிகளைப் பார்த்து, "இங்க யாரும் வர்றதே இல்லையா?" என்று கேட்டார். மெதுவாக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்பவும் இப்படித்தான் சார் இருக்கும். ஒரு ஈ காக்கா இருக்காது!" என்று வாய் நிறையச் சொன்னார். அதிகாரியும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் டாக்டரம்மா செய்தி சொன்னார். தேவை குறைவு என்று எழுதியிருக்கிறார்களாம். நிதியை நிறுத்திவிட்டு, கீழே பொதுப் பிரிவோடு சேர்த்துவிடலாமாம். கீழே ஒலிபெருக்கியில் பெயர் கூவுவார்கள். அதிகாரி இன்னொரு முறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வாராம்.

"என் வாயாலயே கெடுத்துட்டேனே டாக்டரம்மா."

"அழாதீங்க. எத்தனை பிள்ளைங்க வர்றாங்கன்னு எல்லாம் அனுப்பியிருக்கேன். ஆனா அவரு கண்ணால பார்த்தது அவரு மனசுல நிக்குது, என்ன செய்ய?"

அன்று மாலை வீட்டில் சத்தமே இல்லை. கணவர் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

விஷயம் பெற்றோர் காதுக்குப் போனது. துணிக்கடையில் வேலை செய்யும் ஓர் அம்மாதான் முதலில் வந்தார். "கூட்டம்தானக்கா வேணும்? நாங்க வந்து உக்கார்றோம். பிள்ளைங்கள கூட்டிட்டு வரல, போதுமா?" சொன்னபடியே அதிகாரி வந்த நாளில் வந்து குவிந்தார்கள். கடைச் சீருடையில் சிலர், எண்ணெய்க் கறையோடு மெக்கானிக் அப்பா ஒருவர், வண்டியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடிவந்த பஸ் டிரைவர் ஒருவர். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மெதுவாக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பதற்றத்தில் ஒரு போன் செய்ய மறந்துவிட்டார்.

அதிகாரி கூட்டத்தைப் பார்த்து அசந்துதான் போனார். மெக்கானிக்கிடம் விசாரித்தார். "எம்பையன் ராத்திரி தூங்குறான் சார் இப்ப. அதுக்கு முன்னாடி நாங்க யாரும் தூங்கினதில்ல," என்றார் அவர். அதிகாரி டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "இப்ப பார்க்கிறப்ப, நான் எழுதினத மறுபடி..."

முன்கதவு திறந்தது. கீலில் எண்ணெய் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மெதுவாக்கா மட்டும் பார்த்தார்.

வாசலில் ஒரு சிறுமி. வீட்டைத் தாண்டினால் வாய் திறக்காதவள். பல வாரங்கள் அந்தக் கதவு நிலையோடு ஒட்டி நின்றவள், போன முறைதான் உள்ளே வந்து வண்ணப் பென்சில் டப்பாவைத் தொட்டாள். கீழேயே நிற்கச் சொல்லி அவள் அம்மாவுக்குத்தான் போன் போகவில்லை. கூட்டத்தைக் கண்டு காதுகளைப் பொத்திக்கொண்டு அம்மாவின் இடுப்பில் முகம் புதைத்தாள்.

அதிகாரி இன்னும் முடிக்கவில்லை. அவர் முடிக்கட்டும், நாக்கின் நுனிக்கு வந்துவிட்டதே என்று மெதுவாக்கா அவர் வாயையே பார்த்தார். சிறுமியின் கால் பின்னால் நகர்ந்தது.

மெதுவாக்கா எழுந்தார். கையைத் தூக்கி, "மெதுவா," என்றார்.

பெற்றோருக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். ஒரு நாற்காலியும் சத்தமிடவில்லை. வாசல் பக்கம் திரும்பாமல் பின்கதவு வழியாக ஒவ்வொருவராகப் படிக்கட்டில் இறங்கினார்கள். டாக்டரம்மாவும் தன் அறைக்குள் நழுவினார். அதிகாரி மட்டும் நடு அறையில் நின்றார்.

"என்னம்மா இது? நான் பேசிக்கிட்டிருக்கேன்ல?"

"நீங்களுந்தான் சார்," என்று கிசுகிசுத்து, பின்கதவைக் காட்டினார் மெதுவாக்கா.

அவர் போனார். வெளியே படிக்கட்டு நெடுகப் பெற்றோர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பஸ் டிரைவர் உதட்டில் விரலை வைத்தார்.

மெதுவாக்கா பின்கதவின் கைப்பிடியை முழுக்க அழுத்திப் பிடித்து, கதவைச் சேர்த்து, மெல்ல விட்டார். அறை மறுபடியும் காலி. அவர் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு, முந்தானை நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் பென்சில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.