எவாரிஸ்தோ, ஐஸ் உருகுது!

என் தங்கை புருஷன் எவாரிஸ்தோ நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் அது உங்களுக்குத் தோன்றாமலே போய்விடலாம். நல்லவன், உழைப்பாளி, குடித்தாலும் அழுவானே தவிர அடிக்கமாட்டான். அறிவு மட்டும் கொஞ்சம் கம்மி.

பர்ரான்கியா என்கிற துறைமுக ஊரில் எங்கள் பேட்டைக்கு ஐஸ் போடுகிறவன் அவன்தான். மூன்று சக்கர வண்டி, அதில் பாளம் பாளமாக ஐஸ், மேலே ஈரச் சாக்கு. மீன்காரி முதல் பீர்க் கடை வரை எல்லோருக்கும் அவன் வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் ஐஸ்காரனுக்கு இருக்கிற மரியாதை பாதிரியாருக்குக் கிடையாது. ஆனால் அவனுக்கு அது போதவில்லை. தன் பெயர் ஒரு பாட்டில் வர வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்துப் பாட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடிக்கொண்டே இருக்கும்போது வரிக்கு நடுவில், "என் நண்பர் இன்னாருக்கு வணக்கம்!" என்று ஒரு பெயரைத் தூக்கிப் போடுவார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்களும் லாரி முதலாளிகளும் அதற்காக அள்ளிக் கொடுப்பார்கள். பாட்டில் பெயர் வந்தவன் மூலைக்கடைக்குள் நுழைந்தால் நாலு பேர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். எவாரிஸ்தோவிடம் அள்ளிக் கொடுக்கப் பணம் ஏது? ஐஸ்தான் இருந்தது. பார்க்கிற பாட்டுக்காரனுக்கெல்லாம் ஐஸ் கொடுத்தான்.

பெண் கேட்டு வந்த அன்றே இந்தப் பைத்தியம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் அப்பா, "தொழில் என்ன தம்பி?" என்று கேட்டார்.

"ஐஸ் வியாபாரம்ங்க. ஆனா வர்ற வருஷம் என் பேரு பாட்டுல வந்துரும்."

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. என் தங்கை நெரெய்தா கதவுக்குப் பின்னாலிருந்து பட்டென்று சொன்னாள்: "அப்ப பாட்டுல மொதல்ல வரட்டும். அதுக்கப்புறம் நான் உங்க பேரச் சொல்றேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் விளையாட்டுக்குச் சொன்னதைத்தான் சாகும்வரை விடமாட்டோம். கல்யாணத்தில் பாதிரியார் அவன் பெயரைச் சொல்லிச் சம்மதமா என்று கேட்டபோது, "சம்மதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனுக்குப் பெயரே "ஐஸ்"தான். "ஐஸ், சாப்பிட வா." "ஐஸ், பிள்ளையத் தூக்கு." பிரசவ வலியில் ஆஸ்பத்திரியே அதிர அவனைத் திட்டினாளே, அப்போதும் "அடப்பாவி ஐஸ்" என்றுதான் திட்டினாள்.

ஒருநாள் என் பியூட்டி பார்லர் வாசலில் உட்கார்ந்து அவன் சொன்னான்: "மதினி, ஊரு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. இவ வாயால என் பேர ஒரு தடவ கேக்கணும். அதுக்குத்தான் இந்த ஓட்டம்."

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று அவனுக்கு முடியை இலவசமாக வெட்டிவிட்டேன்.

ஓடத்தான் செய்தான், பாவம். ஒரு அக்கார்டியன் பாட்டுக்காரர் ஒரு மூட்டை ஐஸுக்கு மயங்கி, பாட்டின் கடைசியில் அவன் பெயரைச் சொல்லியே விட்டார். ஆனால் ரேடியோக்காரனுக்கு ஒரு வியாதி. பாட்டு முடிகிற நேரம் பார்த்துக் குறுக்கே புகுந்து பல்பொடி விளம்பரம் சொல்வான். ஒவ்வொரு தடவையும் எவாரிஸ்தோவின் பெயர் வருகிற இடத்தில் பல்பொடிதான் வந்தது. இவன் ஒரு மூட்டை ஐஸோடு ரேடியோ நிலையத்துக்கே போய், "அண்ணே, ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இருங்கண்ணே" என்று கெஞ்சினான். ஐஸை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை வெளியே தள்ளினார்கள்.

அப்புறம் காலம் மாறியது. அக்கார்டியன் ஓரமாகப் போய், கம்ப்யூட்டரில் தட்டுகிற தாளம் வந்தது. எங்கள் சந்துத் தாளத்துக்கு மாட்ரிட்டில் ஆடுகிறார்கள், சியோலில் ஆடுகிறார்கள், ஒரு வார்த்தை புரியாமல் கூடவே பாடுகிறார்கள் என்று டிவியில் காட்டினார்கள். ஊரே பூரித்துப்போனது. எவாரிஸ்தோ மட்டும் இடிந்து போனான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாட்டு ஆரம்பிக்கும்போதே தங்கள் பெயரைத் தாங்களே கூவிக்கொள்கிறார்கள். அடுத்தவன் பெயருக்கு இடமேது?

"தன் பேர தானே சொல்றதுக்கு வெக்கமா இல்லையா மதினி இவங்களுக்கு?" என்று என்னிடம் வந்து பொருமினான்.

அப்போது என் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தவள் யூரானிஸ். பகலில் செல்போன் கடையில் வேலை, மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் பாட்டுக் கட்டுவது. கார்னிவல் திருவிழாவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவில் பிக்கோ வைத்து ஆட்டம். பிக்கோ என்றால் கதவளவுக்கு ஒலிபெருக்கிப் பெட்டி, முகப்பில் படம் வரைந்திருக்கும். எங்கள் தெரு பிக்கோவின் பெயர் காண்டாமிருகம். வரைந்தவன் காண்டாமிருகத்தைப் பார்த்ததில்லை, அதனால் அது கொம்பு முளைத்த பன்றி மாதிரி இருக்கும். அந்த ஆட்டத்தின் சத்தத்தை அப்படியே பதிவு செய்து பாட்டில் சேர்க்கப்போகிறேன் என்றாள் யூரானிஸ். எவாரிஸ்தோ அவள் காலில் விழாத குறை.

"சரி மாமா," என்றாள். "சாயங்காலம் ஐஸ மட்டும் ஒழுங்கா கொண்டாங்க. உங்க பேர நானே மைக்குல சொல்றேன்."

ஐஸை ஒழுங்காகக் கொண்டுபோனானா? பெயர் வரப்போகிற நாளில் நரைத்த தலையோடு நிற்பதாவது என்று வண்டியோடு நேரே என் பார்லருக்கு வந்துவிட்டான். வண்டியை வாதாம் மர நிழலில் நிறுத்திவிட்டுத் தலையைக் காட்டினான்.

"நிழலு நகருது, பாத்துக்க" என்றேன்.

"இருக்கட்டும் மதினி, மீசைக்கும் கொஞ்சம் பூசி விடுங்க."

தலை, மீசை, புருவம் வரை போய்விட்டது. அங்கே ஆட்டத்துக்காகப் போட்ட பீர்க் கடையைப் பார்த்துக்கொண்டது நெரெய்தா. பீர் கொதிக்கிறது, கூட்டம் அவளைத் திட்டுகிறது. வண்டியோ வெயிலில் நின்று தெருவெல்லாம் ஆறாக ஓடுகிறது. இவன் வெள்ளைச் சட்டையும் கன்னங்கரேலென்ற மீசையுமாக மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றான். யூரானிஸ் மைக்கை எடுத்தாள். "இந்தப் பாட்டு யாருக்குன்னா" என்று அவள் ஆரம்பிக்கவும், நெரெய்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது.

"எவாரிஸ்தோ! ஐஸ் உருகுது, எவாரிஸ்தோ! சாயம் பூசுனது போதும், வந்து தொலை எவாரிஸ்தோ!"

காண்டாமிருகத்தை இயக்குகிறவன் குறும்பாக எதிரொலிக் குமிழைத் திருகினான். "தோ, தோ, தோ" என்று பேட்டை முழுக்க அதிர்ந்தது. கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. எவாரிஸ்தோ வண்டியை இழுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினான்.

யூரானிஸ் அதை அப்படியே பாட்டில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மெக்சிகோக் கல்யாணங்களில் அதுதான். மாட்ரிட்டில் அதுதான். ஜப்பானில் பெண்கள் "ஐஸ் உருகுது" என்று வருகிற இடத்தில் உருகுகிற மாதிரியே தரையில் சரிகிறார்கள். துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிற மாலுமி, எங்கள் மொழியில் வணக்கம் சொல்லத் தெரியாதவன், "எவாரிஸ்தோ!" என்று கத்திக்கொண்டே இறங்குகிறான்.

எவாரிஸ்தோவின் மானம் கப்பலேறிவிட்டது. "பேரு வந்தது சரி மதினி. கூடவே சாயமும் வந்துருச்சே!" என்று புலம்பினான். தொப்பியைக் கண் வரை இறக்கிக்கொண்டு திரிந்தான். பாட்டின் முதல் தட்டுக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடுவான். சுவீடனிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அவன் வண்டியைக் கண்டுபிடித்து, "எவாரிஸ்தோ?" என்று ஆசையாகக் கேட்டாள். இத்தனை வருஷம் அந்தப் பெயருக்காக அலைந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா? "இல்லம்மா, என் பேரு ஹுவான்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் யூரானிஸிடம் வந்து நின்றான். "அந்த இடத்த எடுத்துரு தாயி."

"மாட்ரிட் கம்பெனி இத மறுபடியும் பெருசா வெளியிடப் போகுது மாமா. நீங்க வேண்டாம்னா எடுத்துடறேன், சத்தியமா. ஆனா நீங்க இதுவரைக்கும் முழுசா கேட்டதே இல்ல. ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க."

என் பார்லரில்தான் கேட்டான், முடி உலர்த்துகிற நாற்காலியில் உட்கார்ந்து. நெரெய்தா அந்தப் பக்கம் கால் நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடியது. முடிந்ததும், "இன்னொரு தடவ போடு" என்றான். மறுபடியும் கேட்டான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நெரெய்தா, இது உன் குரலு."

"பின்ன என்ன, காண்டாமிருகத்தோட குரலா?"

"நீ என் பேரச் சொல்லிருக்க."

சத்தியமாக அதுவரை எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவே இல்லை. உலகமே வாய் வலிக்கக் கத்துகிறது, கூடப் பிறந்த எனக்கே உறைக்கவில்லை! நெரெய்தாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"கோவத்துல வந்துருக்கும்."

"பாட்டுல வந்ததுக்கப்புறம்தான் சொல்லுவேன்னியே?"

"பாட்டுலதான் வந்துருக்கே!"

"நீ சொன்னதாலதாண்டி பாட்டுல வந்துச்சு!"

இரண்டு பேரும் எது முந்தி என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நடுவிலேயே எவாரிஸ்தோ அழ ஆரம்பித்துவிட்டான். அன்று ஒரு சொட்டுக் கூடக் குடிக்கவில்லை. "எடுக்காத யூரானிஸ்," என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சாயத்தையும் எடுக்காத. அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருக்கிறது. இப்போது தொப்பி போடுவதில்லை. சுவீடன்காரர்கள் வந்தால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான், மீசையை முறுக்கிக்கொண்டு.

நெரெய்தா மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மறுநாளே பழையபடி "ஐஸ், சாப்பிட வா" என்று ஆரம்பித்துவிட்டாள். எங்கள் குடும்பப் பிடிவாதம் லேசில் போகாது. ஆனால் அவனுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை வாதாம் மர நிழலில் நிறுத்திவிட்டு என் வாசலில் வந்து உட்காருகிறான். நிழல் நகருகிறது. ஐஸ் உருகித் தெருவில் ஓடுகிறது. நானும் ஒன்றும் சொல்வதில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, தன் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறான்.