மக்னீசியம் அலுமினியமான நாள்

பள்ளிக்கூடத்து சயின்ஸ் ரூமில் அட்டெண்டராக இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: அங்கே எது உடைந்தாலும் வாத்தியார் கையால் உடைந்ததாகச் சரித்திரமே கிடையாது. இரண்டாவது ஜெர்மன் சண்டைக்கு முன்னால் தருமபுரியில் ஒரு ஹைஸ்கூலில் எனக்கு அந்த வேலை. தற்காலிகம்தான். "இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும், உன்னை நிரந்தரம் பண்ண எழுதறேன்" என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் குழாய் குழாயாகக் கழுவினேன். அந்த ரூமின் அழுகின முட்டை வாடைகூட இப்போது நினைத்தால் இனிக்கிறது.

நெல்லிக்காய்க் கணக்கு

சுவரில் அணு எடை அட்டவணை தொங்கும். கண்ணுக்கே தெரியாததை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று சயின்ஸ் வாத்தியாரைக் கேட்டேன். "யாரும் தராசுல வெக்கல மாதையா. ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடறதுதான். நெல்லிக்காயை ஒண்ணுன்னு வெச்சுக்க. பதினாறு நெல்லிக்காய் கனம் ஒரு மாங்காய் இருந்தா, மாங்காய் பதினாறு. ஹைட்ரஜன் நெல்லிக்காய், ஆக்சிஜன் மாங்காய்" என்றார்.

"அந்த நெல்லிக்காய் எத்தனை கனமுங்க?" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "அதைத்தான் ஒண்ணுன்னு சொல்லிட்டேனேப்பா!"

முப்பத்தைந்தரை

குளோரினுக்கு முப்பத்தைந்தரை என்று போட்டிருக்கும். மீதி அரையை யார் தின்றார்கள் என்று நல்லம்பள்ளிப் பையன் ஒருவன் கேட்டான். குளோரினில் முப்பத்தைந்து ஒரு ஜாதி, முப்பத்தேழு ஒரு ஜாதி, லேசானது அதிகம், அதனால் சராசரி அப்படி வருகிறது, அரை அணு எங்கேயும் இல்லை என்று வாத்தியார் தொண்டை வற்ற விளக்கினார். பையன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப எந்த அணுவுக்குமே இல்லாத எடையைத்தான் நாங்க மனப்பாடம் பண்றமுங்களா சார்?"

புளி

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் ஹெட்மாஸ்டர் வந்து, "பித்தளைன்னு இருக்கிறதெல்லாம் பளபளன்னு மின்னணும்" என்று உத்தரவு போட்டார். எங்கள் வூட்டில் பித்தளையைப் புளி போட்டுத்தான் துலக்குவார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் புளி, நல்ல புளிப்பு. மணி, குழாய், தாழ்ப்பாள் எல்லாம் தேய்த்தேன். தராசுப் பெட்டிக்குள் பித்தளை எடைக்கற்கள் கறுத்துக் கிடந்தன. கை படாமல் இடுக்கியால் எடுக்கிற அவற்றையும் சாம்பல் கலந்து அழுத்தித் தேய்த்து வைத்தேன். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "தங்கமாட்டம் மின்னுதே! உன் ஆர்டர் வந்தாச்சுன்னு வெச்சுக்கடா."

இருபத்தேழு

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் வாத்தியார் மக்னீசியத்தை நிறுத்து, எரித்து, சாம்பலை நிறுத்துக் கணக்குப் போட்டார். என்ன வெளிச்சம் அது! இன்றைக்கும் எந்த மத்தாப்பும் எனக்கு அப்படி எரிவதில்லை. அணு எடை இருபத்து நாலு வர வேண்டும். போர்டில் வந்தது இருபத்தேழு. இன்ஸ்பெக்டர் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். "இருபத்தேழு அலுமினியமாச்சே! உங்க ஊர்ல எரிச்சா மாறிடுமோ?"

வாத்தியார் ஒரு எடைக்கல்லை மோந்து பார்த்தார். "புளி போட்டுக் கரைச்சிட்டான் சார்! ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு அளவுக்குத் தேஞ்சிருக்கு. இனி எதை எதோட ஒப்பிடறது?"

நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மின்னணும்னேன், சரி. கல்லைத் தேய்ன்னு நானா சொன்னேன்?"

புது எடைக்கற்கள் வந்ததும் மக்னீசியம் இருபத்து நாலுக்குத் திரும்பிவிட்டது. நான்தான் அந்த வேலையை விட்டு வருகிறவரை தற்காலிகமாகவே நின்றேன்.