சீர் வண்டியில் சிமிட்டிய விளக்குகள்

தங்கை மகளுக்கு மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் சீர் முந்தின நாள் இருட்டுவதற்குள் ஆலங்குடியில் இறங்கிவிட வேண்டும். பிந்தினால் என்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். தங்கையைத்தான் அவள் மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

என் டீசல் பிக்கப் கிழட்டு வண்டி. பின்னால் பலாப்பழங்கள், வாழைத்தார், தாம்பாளங்கள், ஒரு கிடா. முன்னால் நானும் மனைவியும். இவ்வளவு சீருக்கும் கண் பட்டுவிடுமே என்று காலையிலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்த கம்பியை முன்பக்கம் கட்டியிருந்தேன்.

கீரமங்கலம் தாண்டிப் பொழுது மங்கியதும் ஹெட்லைட்டைப் போட்டேன். சிமிட்டியது. இண்டிகேட்டரும் சேர்ந்துகொண்டது. எதிரே ஹெல்மெட் இல்லாமல் வந்த இருவர், போலீஸ் நிற்பதாக நான் சைகை காட்டுகிறேன் என்று நினைத்து, கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு முந்திரிக்காட்டுக்குள் பைக்கைத் திருப்பினார்கள்.

வண்டியை ஓரங்கட்டினேன்.

"கண்ணு பட்டுருச்சு. ஒண்ணு பத்தாது போல."

"பேட்டரியப் பாருங்க மொதல்ல" என்றாள் மனைவி.

பேட்டரியையாவது, பார்ப்பதாவது! தங்கை வீட்டு வாசலுக்கென்று வைத்திருந்த இன்னொரு எலுமிச்சைக் கொத்தை எடுத்துப் பின்பக்கம் கட்டினேன். அதுவரை ஒழுங்காக எரிந்த பின்விளக்குகளும் சிமிட்ட ஆரம்பித்தன. கிடா என்னை ஏற இறங்கப் பார்த்தது.

மனைவி போன் டார்ச்சோடு இறங்கினாள். "ஏங்க, இந்தக் கம்பிய எதுல கட்டுனீங்க?"

"வாகா ஒரு போல்ட்டு இருந்துச்சு. லேசா லூஸ் பண்ணிச் சுத்துனேன்."

"வயரு மாட்டியிருக்க போல்ட்டையா?"

அது எர்த் போல்ட். முன்விளக்குகளுக்கெல்லாம் மின்சாரம் திரும்பிப் போகிற ஒரே வழி. அதைத்தான் கண்ணேறு கழிக்கத் தளர்த்தியிருக்கிறேன்.

"பின்னாடி எதுல கட்டுனீங்க?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அங்கிட்டுப் போனேன்.

கம்பிகளை அவிழ்த்து இரண்டு போல்ட்டையும் முடுக்கியதும் விளக்குகள் நின்று எரிந்தன. பிறகு நான் ஓட்டிய ஓட்டத்தில் கிடா உட்கார்ந்தே விட்டது.

போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தங்கை முகம் செத்துப்போய் வாசலில் நின்றாள்.

"மாமன்காரரு நாளைக்கு வருவாருன்னுல்ல நெனச்சோம்?" என்றார் அவள் மாமியார்.

நான் எர்த் போல்ட்டில் ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள். "என்ன அத்தை பண்றது? சீரு கனம். வண்டி நகர மாட்டேங்குது."

"அப்புடி என்ன கனம்?" என்று மாமியார் வண்டியருகே வந்து ஒரு பலாப்பழத்தை அசைத்துப் பார்த்தார்.

தங்கை முகத்தில் உயிர் வந்துவிட்டது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "பாத்து அத்தை! இடுப்பு புடிச்சுக்கப் போவுது!"